பாக்கெட்டில் 12 மணி நேரம் என்று போட்டிருக்கிறதே, டயாபரை எப்போது மாற்றுவது?

அந்த 12 மணி நேரம் ஒழுகாமல் தாங்கும் கணக்கு. குழந்தையின் தோல் தாங்கும் கணக்கு வேறு.

மலம் போனால் அந்த நிமிடமே மாற்ற வேண்டும். சிறுநீர் மட்டும் என்றால் பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. பிறந்த புதிதில் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு டயாபர் ஆகும். மாதம் ஏற ஏற ஆறு, எட்டு என்று குறையும்.

டயாபருக்குள் இருக்கும் ஜெல் சிறுநீரை இழுத்துக்கொள்ளும், மலத்தை இழுக்காது. மலத்தில் செரிமான நொதிகள் இருக்கின்றன. சிறுநீரும் சேர்ந்தால் அம்மோனியா உண்டாகிக் காரத்தன்மை ஏறும். அதில் நொதிகளின் வேகம் கூடி ஈரத்தில் ஊறிய தோலை அரித்துவிடும். அதனால், இரவில் சிறுநீர் மட்டும் போயிருந்தால் தூங்குகிற பிள்ளையை எழுப்ப வேண்டாம். மலம் போயிருந்தால், விழித்து அழுதாலும் பரவாயில்லை, மாற்றிவிடுங்கள்.

முன்பக்கத்து மஞ்சள் கோடு நீலமாவதை மட்டும் நம்பாதீர்கள், கொஞ்சம் ஈரம் பட்டாலே அது நிறம் மாறும். கையால் அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்று உருண்டு, கனத்துத் தொங்கினால் நேரம் தாண்டிவிட்டது.

பிறந்த ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது டயாபர் நனைந்தால்தான் பால் போதுகிறது என்று அர்த்தம். நனைந்ததா என்றே தெரியவில்லையா? ஒரு புது டயாபரில் மூன்று மேசைக்கரண்டி, அதாவது 45 மி.லி. தண்ணீர் ஊற்றிக் கையில் தூக்கிப் பாருங்கள். அந்தக் கனம்தான் அளவு. துணி லங்கோட்டில் இந்தக் குழப்பமே இல்லை, ஆனால் நனைகிற ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். அதன் மேல் பிளாஸ்டிக் ஜட்டி மாட்டினால் துணி கட்டிய பலன் போயிற்று.

மாற்றும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சு போதும். பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகத்தான் துடைக்க வேண்டும். ஆண் குழந்தைக்கு முன்தோலை இழுக்கக் கூடாது. பால் குடித்த கையோடு காலை உயரத் தூக்கினால் கக்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து மாற்றுங்கள். தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஐந்து பத்து நிமிடம் காற்றாட விடுங்கள். தொப்புள் கொடி விழும்வரை மேல் ஓரத்தைக் கீழே மடித்துக் கட்டுங்கள். இடுப்பில் இரண்டு விரல் நுழைய வேண்டும். தொடை ஓரத்துச் சுருக்கு உள்ளே மடிந்திருந்தால் விரல் விட்டு வெளியே எடுத்துவிடுங்கள். 'இந்த பிராண்டே ஒழுகுது' என்ற புகார் பாதி இதனால்தான். பவுடர் வேண்டாம், மூச்சில் போகும்.

சிவந்துவிட்டால் எங்கே என்று பாருங்கள். மேடான இடங்களில் சிவந்து, தொடை இடுக்கு நன்றாக இருந்தால் ஈரத்தால் வந்தது. ஜிங்க் ஆக்ஸைடு கிரீமைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் கெட்டியாகப் பூசுங்கள்; அடுத்த முறை அழுக்குப் பட்ட மேல் படலத்தை மட்டும் வழித்துவிட்டு அதன் மேலேயே பூசலாம். இடுக்குக்குள்ளும் சிவந்து, சுற்றிலும் சின்னச் சின்னப் பொட்டுகள் இருந்தால் பெரும்பாலும் பூஞ்சை. அதற்கு ஜிங்க் மட்டும் போதாது, குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த கிரீம் வாங்கிப் போடாதீர்கள்; டயாபர் மூடிய தோல் அதை அதிகமாக உறிஞ்சும்.