பாதுகாத்த கிளையும் நகராத மாற்றமும்

கேள்வி: ரப்பர் பால் கொள்முதல் கணக்குக்கான செயலியை நாங்கள் மூவர் சேர்ந்து எழுதுகிறோம். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் மெயின் கிளைக்கு (நிரலின் முதன்மைப் பதிப்புக்கு) பாதுகாப்பு விதி வைத்து, தானியங்கிச் சோதனை தேறினால்தான் இணைக்கலாம் என்று அமைத்தோம். விளக்கக் கோப்பை மட்டும் திருத்தினால் சோதனை 'காத்திருக்கிறது' என்றே நிற்கிறது. நிர்வாகியான நண்பரோ தன் மாற்றங்களை மெயினில் நேரடியாகவே ஏற்றி (புஷ்) விடுகிறார். ஏன்?
– வாசகர், குலசேகரம்

பதில்: தானியங்கிச் சோதனையை ஓட்டும் உங்கள் ஒர்க்ஃப்ளோ கோப்பில், குறிப்பிட்ட கோப்புறைகள் மாறினால் மட்டுமே ஓட வேண்டும் என 'பாத்ஸ்' வடிகட்டி இருக்கும் என்று கருதுகிறேன். அப்படியிருந்தால் விளக்கக் கோப்பின் திருத்தத்துக்கு ஒர்க்ஃப்ளோ தொடங்கவே தொடங்காது. ஆனால் விதியோ அந்தச் சோதனையின் முடிவை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கும். வடிகட்டியை நீக்கி, ஒர்க்ஃப்ளோ எப்போதும் ஓடுமாறு விட்டு, எந்தக் கோப்புகள் மாறின என்பதை முதல் ஜாபில் (ஒர்க்ஃப்ளோவின் ஒரு பணிப்பகுதி) கண்டறிந்து, சோதனை ஜாப் தேவையானபோது மட்டும் ஓடும்படி அதற்கு 'இஃப்' நிபந்தனை வையுங்கள். நிபந்தனையால் தவிர்க்கப்படும் ஜாபை கிட்ஹப் வெற்றி என்றே பதிவு செய்யும். ஜாபின் பெயரை மாற்றினால் விதியிலும் மாற்ற வேண்டும். இல்லையேல் இதே முட்டுக்கட்டைதான்.

நிர்வாகிகளை இவ்விதி இயல்பாகக் கட்டுப்படுத்தாது. விதிவிலக்கின்றி அனைவருக்கும் பொருந்தச் செய்யும் தேர்வு விதியை அமைத்த அதே பக்கத்தின் கீழ்ப்பகுதியில் உள்ளது. நண்பர் முகம் சுளித்தாலும் அதை இயக்கிவிடுங்கள். உங்கள் நிரலை வைத்திருக்கும் இடம் பிறர் பார்க்க முடியாத தனியார் களஞ்சியமென்றால், இவ்விதிகள் செயல்படக் கட்டணத் திட்டம் தேவை.