கடலுக்குள் காற்றாலை: அடி மண் பற்றிக் கேளுங்கள்

கடலடி மண்ணைச் சோதிக்கும் கப்பல்களில் பல வருடம் வேலை பார்த்தவன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

கேள்வி: காற்று நன்றாக அடிக்கிற இடமாகப் பார்த்து நட்டுவிட வேண்டியதுதானே, அடியில் என்ன இருந்தால் என்ன?

அப்படி இடம் பிடித்துவிட்டு, மண்ணைப் பார்த்ததும் கையை விரித்தவர்கள் உண்டு. ஐரிஷ் கடலில் செல்டிக் அரே என்ற பெரிய திட்டத்தை 2014இல் கைவிட்டார்கள். காற்றுக்குக் குறைவில்லை, கடலடி நிலைமைக்கு ஏற்பக் கட்டினால் செலவு கட்டுப்படியாகவில்லை.

கேள்வி: கெட்டிப் பாறை என்றால் நல்லதுதானே? அஸ்திவாரம் அசையாதே.

வீட்டுக்குச் சரி. இங்கே பெரும்பாலும் போடுவது மோனோபைல், அதாவது 8, 10 மீட்டர் விட்டமுள்ள ஒற்றை எஃகுக் குழாய், அதைச் சுத்தியலால் அடித்து 30 மீட்டர் அளவுக்கு இறக்க வேண்டும். இறுகிய மணலிலும் கெட்டிக் களிமண்ணிலும் அழகாக இறங்கும். பாறையில் துளை போட்டுத்தான் இறக்க முடியும், வேலை இழுக்கும். ஆனால் என்னைக் கேட்டால் பாறையைவிட மோசம், பனியுகப் பனியாறுகள் வட கடலிலும் பால்டிக்கிலும் இழுத்து வந்து களிமண்ணுக்குள் புதைத்துவிட்டுப் போன பாறாங்கற்கள்தான். குழாயின் அடி விளிம்பு அப்படி ஒரு கல்லில் மோதி நசுங்கினால் மேலே நிற்பவருக்கு உடனே தெரியாது. அடி விழ விழ நசுங்கல் பெரிதாகிக்கொண்டே போகும்.

கேள்வி: அப்போ மணல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இறங்கலாமா?

அதிலும் வில்லங்கம் இருக்கிறது. அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் சில இடங்களில் க்ளாக்கனைட் மணல் கிடக்கிறது. கரும்பச்சை நிறம், மற்றபடி சாதாரண மணல் மாதிரிதான். ஒரு சிட்டிகை எடுத்து அழுத்தித் தேய்த்தால் மணி உடைந்து களிமண்ணாகக் குழையும். பைல் அடிக்கும்போதும் இதே கதைதான், உடைந்த மணல் குழாயைச் சுற்றி அப்பிக்கொண்டு உராய்வு ஏற, பாதி வழியில் பைல் நின்றுவிடும். சாக்பீஸ் போன்ற மென்சுண்ணப் பாறையில் நேர்மாறு: சுத்தியல் அடி விழ விழ அது கூழாகிவிடும், பைல் சுலபமாக இறங்கும், ஆனால் பிடிமானம் குறைவு.

கேள்வி: இதெல்லாம் முன்கூட்டியே எப்படித் தெரியும்?

முதலில் ஒலி அலை அனுப்பி மண் அடுக்குகளைப் படம் பிடிப்போம். அப்புறம் கூம்பு முனை வைத்த கம்பியை நொடிக்கு 2 சென்டிமீட்டர் வேகத்தில் மண்ணுக்குள் தள்ளி, எவ்வளவு எதிர்க்கிறது என்று அளப்போம். ஒவ்வொரு காற்றாலை நிற்கும் புள்ளியிலும் இதைச் செய்வதுதான் நல்லது, நூறு மீட்டர் தள்ளினாலே பழைய ஆற்றுத்தடம் ஒன்று புதைந்து கிடக்கலாம். இந்தச் செலவில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

கேள்வி: மிதக்கும் காற்றாலைக்கு இந்தத் தலைவலி கிடையாதே?

நங்கூரம் எதில் பிடிக்கும்? 2017இல் ஓடத் தொடங்கிய ஹைவிண்ட் ஸ்காட்லாந்து என்ற மிதக்கும் திட்டத்தில் 5 காற்றாலைகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று உறிஞ்சு நங்கூரங்கள். கவிழ்த்த வாளி மாதிரி வைத்து உள்ளிருக்கும் தண்ணீரை உறிஞ்சினால் மண்ணுக்குள் இறங்கிவிடும். பாறையில் இந்த வித்தை பலிக்காது.

கேள்வி: கடல் நீரோட்டத்தில் சுழலி வைத்து மின்சாரம் எடுக்கிறார்களே, அதற்கும் அடி மண் முக்கியமா?

வேகமான நீரோட்டம் மணலை அடித்துப்போய் வெறும் பாறையைத்தான் விட்டுவைக்கும். ஸ்காட்லாந்தின் மேஜென் திட்டத்தில் துளையிடாமல், கனத்த எடைகளை ஏற்றி அடித்தளத்தை அப்படியே பாறைமேல் உட்கார வைத்தார்கள்.