பழைய பேக்கேஜ்களைத் தானாகக் கண்டுபிடிப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: லினக்ஸில் மென்பொருளைப் புதுப்பிக்கும் ஆப்ட் அப்கிரேடு கட்டளையைக் கொடுத்தால் புதுப்பிக்க ஒன்றுமில்லை என்கிறது. ஆனால் அந்த மென்பொருளின் தளத்தில் புதிய பதிப்பு கிடக்கிறது. ஏன்?

பதில்: ஆப்ட் உங்கள் கணினியை டிஸ்ட்ரோவின் (டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகை) ரெப்பாசிட்டரியோடு, அதாவது பேக்கேஜ்கள் இருக்கும் கிடங்கோடு மட்டும்தான் ஒப்பிடும். ரெப்பாசிட்டரியே பின்தங்கியிருந்தால் அதற்கு எப்படித் தெரியும்? அதைக் கவனிப்பது பேக்கேஜைப் பராமரிப்பவர் வேலை.

கேள்வி: ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களுக்கு யார் போய்ப் பார்ப்பார்கள்?

பதில்: கருவிகள்தான். டெபியன் சோர்ஸ் பேக்கேஜ்கள் பலவற்றில் ‘வாட்ச்’ என்று ஒரு சின்னக் கோப்பு இருக்கும். எந்தப் பக்கத்தில் தேடுவது, கோப்பின் பெயர் எந்த வடிவில் இருக்கும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். யுஸ்கேன் என்ற கருவி அந்தப் பக்கத்தை எடுத்து, பொருந்தும் இணைப்புகளில் பெரிய பதிப்பு எண்ணைப் பொறுக்கி, பேக்கேஜின் சேஞ்ச்லாகில் (மாற்றப் பதிவேடு) உள்ளதோடு ஒப்பிடும். ஃபெடோராவில் இதற்கு அனித்யா இருக்கிறது. புதியது வந்தால் பக்சில்லா என்ற பிழைப் பதிவேட்டில் தானாக ஒரு பக் பதிவாகும். ஆர்ச் லினக்ஸ் பக்கம் என்விசெக்கர்.

கேள்வி: 1.9-க்கு அப்புறம் 1.10 வந்தால், கணக்குப்படி அது சிறியதாயிற்றே?

பதில்: பதிப்பு எண் தசம எண் அல்ல. புள்ளிகளுக்கு இடையில் உள்ள ஒவ்வொன்றும் தனி முழு எண்; 9-ஐவிட 10 பெரியது, அவ்வளவுதான். உண்மையான தலைவலி வேறு இடத்தில். 2.0-க்கு முன் பீட்டா (சோதனைப் பதிப்பு) வரும். அதை 2.0பீட்டா1 என்று அப்படியே எழுதினால், டெபியன் அதை 2.0-ஐவிடப் புதியதாக எடுத்துக்கொள்ளும். அதனால்தான் 2.0~பீட்டா1 என்று எழுதுகிறார்கள். அந்த நெளிகோடு இருந்தால் வெறும் 2.0-க்கும் கீழே போய்விடும். இன்னொரு கொடுமை, 20190304 என்று தேதியையே எண்ணாக வைத்திருந்த திட்டம் திடீரென்று 1.0-க்கு மாறுவது. எந்தக் கருவிக்கும் 1.0 பழையதாகத்தான் தெரியும். அப்போது எபாக் (மற்ற எண்களுக்கு முன்னால் முதலில் ஒப்பிடப்படும் எண்) சேர்த்து 1:1.0 என்று போட வேண்டும். ஒருமுறை சேர்த்த எபாக்கைப் பிறகு எடுக்க முடியாது, அதனால் எல்லோரும் தயங்குவார்கள்.

கேள்வி: என் வாட்ச் கோப்பு ரொம்ப நாளாகப் புதிதாக எதையும் காட்டவில்லை. நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: முதலில் கோப்பையே சந்தேகப்படுங்கள். 2022-ல் கிட்ஹப் தன் ரிலீஸ் பக்கத்தை மாற்றியபோது ஏராளமான வாட்ச் கோப்புகள் உடைந்தன. அது பரவாயில்லை, யுஸ்கேன் எதுவும் பொருந்தவில்லை என்று கத்திவிடும். திட்டம் வேறு தளத்துக்குக் குடிபோய், பழைய பக்கம் அப்படியே நின்றால்தான் ஆபத்து; கருவி சத்தமில்லாமல் “எல்லாம் சரி” என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ரெப்பாலஜி என்ற தளத்தில் பாருங்கள். மற்ற டிஸ்ட்ரோக்கள் எந்தப் பதிப்பில் இருக்கின்றன என்று வரிசையாகக் காட்டும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

கேள்வி: சர்வரில் ஓபன்எஸ்எஸ்எல் (குறியாக்க மென்பொருள்) பழையது என்று பாதுகாப்பு ஸ்கேனர் சிவப்பு காட்டுகிறது. பயப்படணுமா?

பதில்: பழையது வேறு, ஓட்டை உள்ளது வேறு. ஸ்டேபிள் டிஸ்ட்ரோக்கள் பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்பில் பேக்போர்ட் செய்யும். முதன்மை எண் மாறாது, கடைசி ஹைபனுக்குப் பின்னால் உள்ள பகுதிதான் மாறும். முன்பாதியை மட்டும் படிக்கும் ஸ்கேனரை நம்ப வேண்டாம். டெபியனில் டெப்செக்கன் என்ற கருவியை ஓட்டி, எந்த சிவிஇ (எண் கொடுத்துப் பதிவான பாதுகாப்பு ஓட்டை) இன்னும் திறந்திருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: புதியது வந்ததும் தானாகவே பேக்கேஜ் ஆக்கி வெளியிட்டால் என்ன?

பதில்: பில்ட் வரைக்கும் தானாக ஓட்டுங்கள், தப்பில்லை. வெளியிடும் முன் ஓர் ஆள் பார்க்கட்டும். 2024-ல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைத்திருந்தது தெரியவந்தது. அவற்றைச் சுடச்சுட எடுத்துக்கொண்ட டிஸ்ட்ரோ கிளைகள்தான் மாட்டின. டெபியன் ஸ்டேபிள் 5.4 வரிசையிலேயே இருந்ததால் தப்பித்தது.