புகைபோக்கி உயரமாக இருந்தால் போதுமா?

கேள்வி: அனல் மின் நிலையப் புகையிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கும் கருவி கட்டாயம் என்றார்களே, இப்போது வேண்டாமாமே?

பதில்: கிட்டத்தட்ட அப்படித்தான். 2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கந்தகம் எரிவதால் வரும் சல்பர் டை ஆக்சைடு வாயுவுக்கு வரம்பு விதித்து 2 வருஷம் அவகாசம் கொடுத்தது, அந்தக் கெடு தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் 2025 ஜூலையில் சுமார் 78 சதவீத மின் உற்பத்தி யூனிட்டுகளுக்கு அந்தக் கருவியிலிருந்து விலக்கே கொடுத்துவிட்டார்கள். டெல்லி வட்டாரத்துக்கோ 10 லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரத்துக்கோ 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை மட்டும் 2027 முடிவதற்குள் மாட்டியாக வேண்டும். காற்று ஏற்கெனவே கெட்ட ஊர்கள் என்றால் தனித்தனியாகப் பார்ப்பார்களாம். மற்றவற்றுக்குப் புகைபோக்கி உயரம் சரியாக இருந்தால் சரி.

நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு என்கிறது அரசு. உண்மைதான், ஆனால் எரிக்கிற அளவு? அப்புறம், இந்த வாயு சல்பேட் துகளாக மாறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும், 10 கிலோமீட்டர் கோட்டைப் பார்த்து நிற்காது.