வாசல் வரை போய்த் திரும்பியவருக்கு

கேள்வி: பதினைந்து ஆண்டுகளாகக் குடிக்கிறேன். நானாகவே மூன்று முறை நிறுத்திப் பார்த்தும் ஒரு மாதத்தைத் தாண்ட முடியவில்லை. குடிநோயிலிருந்து மீள்வோர் கூடும் ஏ.ஏ. கூட்டம் ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டு, சென்ற வாரம் அந்தக் கட்டடத்தின் வாசல் வரை போனேன். உள்ளே யாரோ பேசிக்கொண்டிருக்கும் குரல் கேட்டது. தெரிந்தவர் எவரேனும் பார்த்துவிடுவாரோ, என்னையும் எழுந்து பேசச் சொல்வார்களோ என்ற கூச்சத்தில் திரும்பிவிட்டேன். கடவுள் நம்பிக்கையும் எனக்கு இல்லை. மனைவி உடன் வருவதாகச் சொல்கிறார். மீண்டும் போகலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அவசியம் போகலாம். ஆனால் எவ்வளவு குடிக்கிறீர்கள், நாள்தோறும் குடிக்கிறீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை என்பதால், முதலில் ஓர் எச்சரிக்கை. காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, ஒரு வாய் உள்ளே போன பிறகுதான் அது அடங்குகிறது என்ற நிலையில் இருப்பவர், கூட்டத்துக்குப் போகிற வேகத்தில் குடியைச் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது. நெடுநாள் அதிகமாகக் குடித்த உடலுக்குத் திடீரென மது கிடைக்காமல் போனால், முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் கடும் மனக்குழப்பமும், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவதும் ஏற்பட்டு, உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். இதைத் தடுக்க மருந்துகள் உண்டு. மருத்துவரிடம் அளவைக் குறைத்துச் சொல்லாமல் உள்ளபடியே சொல்லுங்கள். கூட்டம் இந்தச் சிகிச்சைக்கு மாற்று அல்ல. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

பேசச் சொல்வார்களோ என்ற அச்சத்துக்கு வருகிறேன். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற இந்த அமைப்பு, அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் 1935-இல் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் சந்தித்துப் பேசியதில் பிறந்தது. இருவருமே குடியால் நொந்தவர்கள். ஒருவருக்கொருவர் அறிவுரை சொல்லாமல் தம் கதையைச் சொன்னார்கள். அந்த வழக்கமே இன்றும் நீடிக்கிறது. ஒருவர் தம் பெயரைச் சொல்லி, தாம் ஒரு குடிநோயாளி என்று கூறி, சில நிமிடங்கள் தம் அனுபவத்தைப் பகிர்வார். மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்பார்கள். உங்கள் முறை வரும்போது “இன்றைக்குக் கேட்க மட்டும் வந்தேன்” என்றால் போதும், அடுத்தவருக்குப் போய்விடும். பதிவேடு, கட்டணம் எதுவும் கிடையாது. நடுவே காணிக்கைப் பை ஒன்று சுற்றி வரும். புதியவர் அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் கடத்திவிட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ கழிந்தால் கூட்டம் முடிந்துவிடும்.

தெரிந்தவர் பார்த்துவிட்டால்? அவரும் அங்கேதானே உட்கார்ந்திருப்பார்! அங்கே யாரைக் கண்டோம், என்ன கேட்டோம் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்பதை அவர்கள் மிகவும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார்கள். அப்படியும் மனம் ஒப்பாவிட்டால், முதல் சில முறை சற்றுத் தள்ளியுள்ள குழுவுக்கோ இணையவழிக் கூட்டத்துக்கோ போகலாம். நாளடைவில் பக்கத்தில் உள்ள குழுவே நல்லது என்பது என் எண்ணம். தொலைவு என்பது வராமல் இருப்பதற்கு எளிதில் கிடைக்கும் சாக்கு.

அமைப்பின் இணையதளத்திலும் உதவி எண்ணிலும் கூட்டங்களின் இடமும் நேரமும் கிடைக்கும். அதில் ‘மூடிய கூட்டம்’ என்றிருப்பதைக் கண்டு, பழைய உறுப்பினர்களுக்கு மட்டும் என்று பலர் விலகிவிடுகிறார்கள். குடியை நிறுத்த விரும்பும் எவரும் அதற்குப் போகலாம். அந்த விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்கான தகுதி. குடும்பத்தாரும் நண்பர்களும் வரக்கூடியது ‘திறந்த கூட்டம்’. மனைவியுடன் போவதானால் அதைத் தேர்ந்தெடுங்கள். அவருக்கென்றே 1951-இல் தொடங்கிய அல்-அனான் என்ற தனி அமைப்பும் உண்டு. நீங்கள் நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் அவர் அங்கே போகலாம்.

கடவுள் என்ற சொல் அங்கே காதில் விழத்தான் செய்யும், மறைப்பதற்கில்லை. பன்னிரண்டு படிகள் எனப்படும் அவர்களது வழிமுறையில், அவரவர் புரிந்துகொண்டபடியான கடவுள் என்றே எழுதியிருக்கிறார்கள்; குழுவையே தம்மினும் பெரிய சக்தியாகக் கொண்டு தொடர்கிற நாத்திகர்களும் உண்டு. அதுவும் ஒவ்வாதவர்களுக்கு, 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிகவரி என்ற அமைப்பு உளவியல் பயிற்சிகளின் அடிப்படையில் குழுக்களை நடத்துகிறது. ஆயினும் கடவுள் என்ற சொல்லைக் கேட்டே ஏ.ஏ.வை ஒதுக்கிவிடாதீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 27 ஆய்வுகளை அலசியது. மக்களை ஏ.ஏ.வில் ஈடுபடுத்தும் முறைப்படியான சிகிச்சை, முழுமையாகக் குடிக்காமல் இருக்க உதவுவதில் மற்றச் சிகிச்சைகளைக் காட்டிலும் மேலானது என்பது அதன் முடிவு. குழுவுக்குக் குழு பேச்சும் சூழலும் மாறும். ஒன்று பிடிக்காவிட்டால் இன்னும் இரண்டு மூன்றைப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

உள்ளே குரல் கேட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கூட்டம் தொடங்கிய பிறகு போயிருக்கிறீர்கள். எல்லோரும் அமர்ந்துவிட்ட அறைக்குள் தனியாக நுழைய யாருக்குத்தான் கூச்சம் வராது? இம்முறை உதவி எண்ணில் முன்கூட்டியே பேசி, புதிதாக வருகிறேன், வாசலில் யாராவது நிற்க முடியுமா என்று கேளுங்கள். கால் மணி நேரம் முன்னதாகப் போனால், நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். நீங்களும் இரண்டை எடுத்துப் போடலாம்.