ஒரே மாதிரி இரண்டு கப்பல்கள், கட்டணம் மட்டும் வேறு: எதில் போனால் லாபம்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: அலாஸ்காவுக்கு ஒரே நிறுவனத்தின் இரண்டு கப்பல்கள் போகின்றன. அளவும் வசதியும் ஒன்று, இரண்டும் ஏழு இரவு. ஒன்றில் மட்டும் தலைக்கு இருநூறு டாலர் குறைவு. ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவையும் கூட்டிப்போக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு குறைந்ததை எடுத்துவிடலாமா?

2019 ஜூன் பயணத்துக்குத் திட்டமிட்டபோது எனக்கு வந்ததும் இதே கேள்விதான். நாங்கள் ஹூஸ்டனில் இருக்கிறோம். நான், மனைவி, திண்டுக்கல்லிலிருந்து வரவிருந்த அப்பா, அம்மா, இரண்டு அறைகள். ஹாலந்து அமெரிக்கா லைன் நிறுவனத்தின் யூரோடாம், நியூ ஆம்ஸ்டர்டாம் என்ற இரண்டு கப்பல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டும் இத்தாலியில் ஒரே கட்டும் தளத்தில் பிறந்த அக்கா தங்கை. 2008-இல் வந்த யூரோடாமில் சுமார் 2,100 பேர் போகலாம், 2010-இல் வந்த நியூ ஆம்ஸ்டர்டாமிலும் அதே அளவுதான். சாப்பாட்டுக்கூடம், நாடக அரங்கு, நீச்சல் குளம், காசு கொடுத்துச் சாப்பிடும் ஆசிய உணவகம் வரைக்கும் ஒன்றே. (அந்த உணவகத்தின் பெயர் டாமரிண்ட். புளிக்கு அவ்வளவு விலை கொடுப்பதா என்று அம்மா கடைசி வரை அந்தப் பக்கம் வரவில்லை.)

ஆகவே கப்பலை ஒப்பிட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். வித்தியாசமெல்லாம் கப்பலுக்கு வெளியேதான் இருந்தது.

நான் முதலில் பார்த்த விலை: சியாட்டிலிலிருந்து கிளம்பும் யூரோடாமில் ஜன்னல் வைத்த அறைக்கு ஆளுக்கு 1,149 டாலர். வான்கூவரிலிருந்து கிளம்பும் நியூ ஆம்ஸ்டர்டாமில் 939. நான்கு பேருக்கு 840 டாலர் மிச்சம் என்று அன்று இரவே கார்டை எடுத்துவிட்டேன். மனைவிதான், "அந்த ரூம் எந்த டெக்ல இருக்குன்னு பாருங்க" என்றார்.

பார்த்தால் நான்காம் தளம். அந்தத் தளத்து ஜன்னல்களுக்கு வெளியே உயிர்காப்புப் படகுகள் தொங்குகின்றன. கடலைப் பார்க்கக் காசு கொடுத்து, ஆரஞ்சும் வெள்ளையுமான படகின் முதுகைப் பார்த்துக்கொண்டு வரவேண்டும். பார்வை மறைக்கும் அறை என்று அவர்கள் எழுதித்தான் வைத்திருந்தார்கள், நான்தான் விலையை மட்டும் படித்தேன். மறைப்பில்லாத முதல் தளத்து அறை 1,029 டாலர். யூரோடாமில் நான் பார்த்ததும் அதே முதல் தளத்து அறை. ஆக, நேருக்கு நேர் வைத்தால் வித்தியாசம் ஆளுக்கு 120, நான்கு பேருக்கு 480.

இந்த இடத்தில் பலர் வழுக்குவார்கள். 'ஜன்னல் அறை' என்ற ஒரே பெயரில் பத்து விதமான அறைகள் இருக்கும். இந்த நிறுவனம் பால்கனியை 'வராண்டா' என்றுதான் சொல்கிறது, நம் ஊர் வராந்தாவே கடல் கடந்து போய் டாலரில் விற்கிறது. 'கேரண்டி' என்று போட்டு இன்னும் மலிவாக ஒரு வகை இருக்கும். அதில் அறை எண்ணைப் பிறகு அவர்களே முடிவு செய்வார்கள். வயதானவர்களோடு போகும்போது அதைத் தொடாதீர்கள். அப்பா அம்மா முன்கோடியிலும் நாம் பின்கோடியிலும் என்று அமைந்துவிட்டால், ஏழு நாளும் அந்த நீள நடைபாதையில் காபி டம்ளரோடு நடக்க வேண்டியதுதான்.

அடுத்து விமானம். ஹூஸ்டனிலிருந்து சியாட்டிலுக்குப் போய்வர ஆளுக்கு 330 டாலர், வான்கூவருக்கு 430. நான்கு பேருக்கு 400 டாலர் அதிகம். 480-இல் மிஞ்சியது 80.

கப்பல் கிளம்பும் அன்று காலையில் விமானம் பிடிப்பது சூதாட்டம், விமானம் தாமதமானால் கப்பல் நமக்காக நிற்காது. அதனால் முந்தின இரவு எங்கே கிளம்பினாலும் ஓட்டல் வேண்டும். கோடையில் வான்கூவர் நகரத்துக்குள் ஓட்டல், சியாட்டில் விமான நிலையத்துப் பக்கம் உள்ளதைவிட அறைக்கு 60 டாலர் அதிகமாக இருந்தது. இரண்டு அறைக்கு 120. இப்போது மலிவான கப்பலில் எனக்கு 40 டாலர் நஷ்டம்!

வண்டிச் செலவு கொஞ்சம் கைகொடுத்தது. வான்கூவர் விமான நிலையத்திலேயே கனடா லைன் ரயில் ஏறினால் கடைசி நிறுத்தம் வாட்டர்ஃபிரண்ட். அங்கிருந்து கனடா பிளேஸ் கப்பல் துறைக்குப் பெட்டியை உருட்டிக்கொண்டே போய்விடலாம். சியாட்டிலில் இந்தக் கப்பல்கள் நிற்பது பியர் 91 என்ற கப்பல் துறை, அதற்கு வாசல் வரை ரயில் கிடையாது. போகவர டாக்ஸிக்கு 110 டாலர் என்று போட்டிருந்தேன். வான்கூவரில் நான்கு பேருக்கும் போகவர 40 டாலருக்குள் முடியும். 70 மிச்சம். மொத்தத்தில் 840 டாலர் லாபம் என்று ஆரம்பித்த கணக்கு 30 டாலரில் வந்து நின்றது.

விசாவை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். நான் மாட்டிக்கொள்ளவிருந்ததே அங்கேதான். சியாட்டிலில் ஏறி சியாட்டிலில் இறங்கினால் அமெரிக்க விசா போதும், வான்கூவர் என்றால் மட்டும் கனடா விசா வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பு. 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அமெரிக்காவில் இன்னும் உயிரோடு இருக்கிறது: வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையும் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது. இந்த இரண்டு கப்பல்களும் நெதர்லாந்துக் கொடியில் ஓடுகின்றன. அதனால்தான் சியாட்டில் கப்பல்கள் திரும்பும் வழியில் ஒரு மாலை நேரம் கனடாவின் விக்டோரியாவில் நின்றுவிட்டு வருகின்றன. அந்தச் சில மணி நேரத்துக்காக இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்குக் கனடா விசா வேண்டும். இறங்க மாட்டேன், கப்பலிலேயே இருக்கிறேன் என்றாலும் விடமாட்டார்கள், ஏறும்போதே கேட்பார்கள். எங்கள் இருவருக்கும் கிரீன் கார்டு இருந்ததால் விசா தேவைப்படவில்லை. அப்பா அம்மாவுக்கு ஆளுக்கு 100 கனடா டாலர் விசாக் கட்டணம், 85 கைரேகைக் கட்டணம், ஆக 370. எந்தக் கப்பலானாலும் இந்தச் செலவு உண்டு. அவர்கள் ஊரில் இருக்கும்போதே இது எனக்குத் தெரியவந்ததால் சென்னையிலேயே விண்ணப்பித்து வாங்கிவிட்டார்கள். இங்கே வந்தபிறகு தெரிந்திருந்தால் கைரேகைக்கு ஓரிடம், பாஸ்போர்ட் அனுப்ப ஓரிடம் என்று அலைந்திருப்போம். எச்1பி வேலை விசாவில் இருப்பவர்கள் தங்கள் பாஸ்போர்ட்டில் உள்ள அமெரிக்க விசாவின் தேதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்; வெளியே போனால் திரும்பி நுழைய வேண்டுமே.

சரி, முப்பது டாலருக்காகக் கப்பலைத் தேர்ந்தெடுக்க முடியாது. அப்புறம்தான் பணத்தை விட்டுவிட்டு வழித்தடத்தை எடுத்துப் பார்த்தேன். நியூ ஆம்ஸ்டர்டாம்தான் என்ற எங்கள் முடிவு அங்கேதான் ஆனது.

சியாட்டில் கப்பல் வான்கூவர் தீவுக்கு மேற்கே, திறந்த பசிபிக் கடல் வழியாக வடக்கே போகிறது. வான்கூவர் கப்பல் அதே தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் உள்ள குறுகிய நீர்வழியில் போகிறது. இரண்டு பக்கமும் காடும் மலையும், அலை அதிகம் இருக்காது. குயின் சார்லட் சவுண்ட் என்ற இடத்தில் மட்டும் கொஞ்ச நேரம் திறந்த கடல். என் அம்மா கொடைக்கானல் பஸ்ஸில் வத்தலக்குண்டு தாண்டியதுமே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொள்பவர். அவருக்கு முதல் நாளே தலை சுற்ற ஆரம்பித்தால் நாங்கள் கட்டிய பணத்தில் பாதி படுக்கையில் போய்விடும். இதற்கு எக்செல்லில் என்ன எண் போடுவது என்று தெரியவில்லை, ஆனால் அந்த முப்பது டாலரைவிட இது பெரியது.

அடுத்தது, எந்த ஊரில் எவ்வளவு நேரம் நிற்கிறது. அந்த ஆண்டு யூரோடாம் ஜூனோ, சிட்கா, கெச்சிக்கன், விக்டோரியா என்று போனது. விக்டோரியாவுக்கு நேரத்துக்கு வந்து சேர வேண்டுமென்பதால் கெச்சிக்கனில் சீக்கிரமே கிளம்ப வேண்டும். நியூ ஆம்ஸ்டர்டாம் ஜூனோ, ஸ்காக்வே, கெச்சிக்கன் என்று மூன்றே ஊர். ஆனால் ஸ்காக்வேயில் காலையிலிருந்து இரவு வரை நின்றது. விளம்பரத்தில் நான்கு ஊர் என்பது மூன்று ஊரைவிடப் பெரிதாகத் தெரியும். கரையில் கிடைக்கும் பகல் மணிநேரத்தைக் கூட்டிப் பாருங்கள், படம் மாறிவிடும். இருட்டும் நேரத்தில் விக்டோரியாவில் இறங்கி எழுபது வயதுக்காரர்களோடு என்ன பார்ப்பது?

ஸ்காக்வேயிலிருந்து ஒயிட் பாஸ் மலை ரயில் கிளம்புகிறது. தங்க வேட்டைக்காலத்தில், 1898-இல் தொடங்கி 1900-இல் முடித்த குறுகிய பாதை. கடல் மட்டத்திலிருந்து இருபதே மைலில் மூவாயிரம் அடிக்குக் கொஞ்சம் குறைவான உயரத்துக்கு ஏறுகிறது. அப்பா ஜன்னலை விட்டு நகரவில்லை. "ஏம்ப்பா, நம்ம ஊட்டி ரயில் மாதிரிதானே இருக்கு" என்று மூன்று முறை சொன்னார். அவர் வாயில் அதுதான் உச்சபட்சப் பாராட்டு. டிக்கெட் ஆளுக்கு நூறு டாலருக்கு மேல். அதாவது 'மலிவான' கப்பலில் வந்ததால்தான் இந்தச் செலவே வந்தது. ஒப்பிடும்போது இதையும் மறக்காதீர்கள்: நல்ல ஊரில் நிற்கும் கப்பல் உங்கள் பையையும் காலி செய்யும்.

இரண்டு கப்பலுக்கும் பொதுவாக இருந்தது கிளேசியர் பே என்ற பனியாற்றுத் தேசியப் பூங்கா. அங்கே ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மேல் விடுவதில்லை, எல்லா நிறுவனத்துக்கும் அனுமதி கிடையாது. பூங்கா ரேஞ்சர்கள் கப்பலிலேயே ஏறி நாள் முழுக்க ஒலிபெருக்கியில் விளக்குவார்கள். மார்ஜரி பனியாற்றின் முன் கப்பல் நின்று மெதுவாகத் திரும்பியபோது மேல்தளத்தில் டச்சுக்காரர்களின் பட்டாணி சூப் கொடுத்தார்கள். குளிருக்கு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதில் வழக்கமாகப் பன்றி இறைச்சி இருக்கும் என்பதால் சைவக்காரர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். உங்கள் இரண்டு கப்பல்களில் ஒன்றில் கிளேசியர் பே என்றும், மற்றதில் வெறுமனே 'பனியாற்றுக் காட்சி' என்றும் போட்டிருந்தால் இரண்டும் ஒன்றல்ல. அது ஹப்பார்ட் பனியாறா, எண்டிகாட் ஆர்ம் என்ற கடல் கிளையா என்று பெயர் கேளுங்கள். அவையும் அழகான இடங்கள்தான், ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது விலை பார்ப்பவர்களுக்கு இன்னும் சில விஷயம். கட்டணம் எப்போதும் இருவர் தங்கும் அறையில் ஆளுக்கு இவ்வளவு என்றுதான் போடுவார்கள். கலிபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல் ஒரு சட்டம் வந்த பிறகு பல நிறுவனங்கள் துறைமுகக் கட்டணங்களைச் சேர்த்தே விலை காட்டுகின்றன. அதற்கு முந்தைய பழைய விலையோடு ஒப்பிட்டு "ஏறிவிட்டது" என்று பதறாதீர்கள். டிப்ஸ் தனி. நாங்கள் போனபோது நாளுக்கு ஆளுக்கு பதினான்கு டாலர் அளவில் இருந்தது, இப்போது இன்னும் அதிகம். ஒரு கப்பலுக்கு வெறும் கட்டணமும் இன்னொன்றுக்கு மது, இணையம், கரைச் சுற்றுலாச் சலுகை எல்லாம் சேர்த்த கட்டணமும் திரையில் நிற்கலாம். இரண்டையும் வெறும் கட்டணத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். அப்பா அம்மா குடிக்கப்போவது காலையில் காபியும் மாலையில் டீயும், அதற்கு மது பேக்கேஜ் எதற்கு? ஒரே வாரத்தைத்தான் ஒப்பிட வேண்டும் என்பதும் முக்கியம். மே மாதத்து நியூ ஆம்ஸ்டர்டாமையும் ஜூலை மாதத்து யூரோடாமையும் பக்கத்தில் வைத்தால் தெரிவது பருவத்தின் விலை மட்டுமே.

முன்பதிவு செய்தபிறகும் கண்ணை எடுக்காதீர்கள். முழுப் பணம் கட்டவேண்டிய கடைசித் தேதி பெரும்பாலும் புறப்பாட்டுக்கு மூன்று மாதம் முன்பு வரும். திரும்பக் கிடைக்கும் முன்பணம் கட்டியிருந்தால் அதுவரை விலை குறையும்போதெல்லாம் கேட்கலாம். எங்களுக்குப் பிப்ரவரி கடைசியில் ஆளுக்கு 50 டாலர் குறைந்தது. ஏஜென்ட்டுக்கு ஒரு போன் போட்டேன், மாற்றிக் கொடுத்தார். நான் இரவு முழுக்க எக்செல்லில் தேடிக் கண்டுபிடித்த முப்பதை, ஒரு போனில் வந்த இருநூறு தோற்கடித்துவிட்டது.

நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. சியாட்டில் பக்கமே இருந்தால் விமானம், ஓட்டல், டாக்ஸி மூன்றும் கழிந்துவிடும், என் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. அப்போதும் அம்மாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டுவிட்டு, வான்கூவருக்கு மூன்று மணி நேரம் கார் ஓட்டலாமா என்று யோசியுங்கள். கப்பல்களின் வழித்தடம் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அதனால் நான் சொன்ன ஊர்களை அப்படியே நம்பாமல் உங்கள் தேதிக்கு உரிய பட்டியலை எடுத்துப் பாருங்கள். எந்தக் கப்பல் என்பதை அடுத்த வாரம்கூட முடிவு செய்யலாம். பெற்றோரின் கனடா விசா விண்ணப்பத்தை மட்டும் அவர்கள் ஊரில் இருக்கும்போதே போட்டுவிடுங்கள்.