எல்லா ரிப்போர்ட்டும் 'நார்மல்', ஆனால் தம்பிக்கு வலிப்பு நிற்கவில்லை. இனி யாரிடம் போவது?

தம்பிக்கு எட்டு மாதத்தில் ஐந்து முறை வந்துவிட்டது, ஸ்கேன், இ.இ.ஜி. (மூளை அலைப் பதிவு) இரண்டும் நார்மல், டாக்டர் 'டென்ஷன்' என்று சொல்லி அனுப்பிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. மார்த்தாண்டம் பக்கம் ஒரு முந்திரி ஆலையில், எங்கள் பேச்சில் அண்டி ஆபீஸில், கணக்கு எழுதுகிறவள். இதே மாதிரி ஒரு 'நார்மல்' ஃபைலைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டரை வருஷம் அலைந்திருக்கிறேன். அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

எனக்கு முதலில் வந்தது 2021 ஐப்பசியில். அடுக்களையில் மரச்சீனி நறுக்கிக்கொண்டிருந்தேன். அடுத்து நினைவிருப்பது திண்ணையில் கிடந்ததுதான். நாக்கின் ஓரம் கடிபட்டு வாயெல்லாம் உப்புக் கரித்தது. வலது கைக்குள் அலமாரிச் சாவி. இரும்பைப் பிடித்தால் நிற்கும் என்று மாமியார் திணித்து, விரல்களை மடக்கிப் பிடித்திருக்கிறார். சாவியின் பல் உள்ளங்கையில் மூன்று பள்ளமாகப் பதிந்து, அது ஆற ஒரு வாரம் ஆனது. வலிப்பு வந்ததற்கு என் உடம்பில் இருந்த அடையாளம் அந்தச் சாவித் தடமும் நாக்குக் காயமும்தான். போன இடத்தில் இரண்டையும் யாரும் பார்க்கவில்லை.

முதல் ஆஸ்பத்திரியில் சாப்பிட்டீர்களா, வீட்டில் பிரச்சினையா என்று கேட்டார்கள். சி.டி. எடுத்தார்கள். நார்மல். இ.இ.ஜி.க்குத் தலை முழுக்கப் பசை தடவி வயர் ஒட்டி இருபது நிமிஷம் படுக்க வைத்தார்கள். அதுவும் நார்மல். அந்தப் பசை மூன்று தலைக்குளிப்புக்குப் பிறகுதான் போயிற்று. நாலு மாதம் கழித்து இன்னொன்று வந்தது, இன்னொரு ஆஸ்பத்திரி. எம்.ஆர்.ஐ.க்கு ஆறாயிரத்து ஐந்நூறு கட்டினோம், அதிலும் ஒன்றுமில்லை. "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா, மனச ஃப்ரீயா வைங்க" என்றார் அந்த டாக்டர். ஒன்றும் இல்லை என்றவர் கையோடு வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரையும் எழுதினார். அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். குழந்தைக்குப் பார்க்கிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மாத்திரை வயிற்றுப் பிள்ளையின் முதுகுத்தண்டையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கக்கூடும் என்று எனக்குத் தெரிய வந்தது ஒன்றரை வருஷம் கழித்து. இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. (இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைச் சட்டென நிறுத்திவிடாதீர்கள். அது இன்னும் ஆபத்து. டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.)

நடுவில் ஊர்ப்பேச்சு. எங்கள் பக்கம் வயதானவர்கள் இதைச் 'சுழலி' என்பார்கள். மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று கணவர் வீட்டுச் சொந்தத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தை ரத்து செய்யும் வழியை இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999-இலேயே எடுத்தாயிற்று என்று என் கணவர் எங்கோ படித்துவிட்டு வந்து பந்தியில் வைத்தே சொன்னார். பேச்சு அதோடு நின்றது. மாமியார் மண்டைக்காட்டு அம்மனுக்கு மண்டையப்பம் நேர்ந்துகொண்டார். தலை நோவுக்குத்தான் அந்த நேர்ச்சை, வலிப்பும் தலையில்தானே இருக்கிறது என்பது அவர் கணக்கு. எனக்கு நேர்ச்சையில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் அன்று கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "எப்படி மக்களே வருது? முன்னாடி வல்லதும் தெரியுமா?" என்று விசாரித்தார். அதுவரைக்கும் அந்தக் கேள்வியை யாருமே கேட்டதில்லை.

முன்னாடி தெரியும். வயிற்றிலிருந்து ஏதோ உருண்டு நெஞ்சுக்கு ஏறும். அப்புறம் ரப்பர் ஷீட் காயப்போடும் புகைப்புரை வாசனை வரும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு புகைப்புரை இருக்கிறது, அதனால் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் பகலில் ஆபீஸ் மேசையில் இருக்கும்போதும் அதே வாசனை வந்தது. அப்போதும் யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

கடைசியில் திருவனந்தபுரத்தில் ஒரு நியூராலஜிஸ்ட், அதாவது மூளை நரம்பு டாக்டர். களியக்காவிளையில் பஸ் மாறிப் போனோம், கூட வந்தது மைனி, என் கணவரின் அக்கா. டாக்டர் ஃபைலைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. என்னிடம் புகைப்புரைக் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு மைனி பக்கம் திரும்பினார். வரும்போது கண் திறந்திருந்ததா, மூடியிருந்ததா? தலை எந்தப் பக்கம் திரும்பியது? எந்தக் கை முதலில்? எவ்வளவு நேரம்? எழுந்ததும் பேச்சு உடனே வந்ததா? கேள்வி போய்க்கொண்டே இருந்தது. மைனி ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் கேள்விப்படாத ஒன்றும் வெளியே வந்தது. விழாத நாட்களிலும் நான் அரை நிமிஷம் அப்படியே நின்று, வெறும் வாயை மென்றுகொண்டே, சேலை முந்தானையைப் பிசைவேனாம். "ஏட்டி, என்னத்த மென்னுட்டு நிக்கன்னு கேட்டா பதிலே வராது டாக்டர், யோசனையில நிக்கான்னு விட்டிருவேன்" என்றார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அதுவும் வலிப்புதான் என்றார். அந்தக் கணக்கில் எனக்கு வந்தது நாலு இல்லை, நாற்பதுக்கும் மேலே.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இ.இ.ஜி. என்பது அந்த இருபது நிமிஷம் மூளையில் என்ன ஓடியது என்று காட்டும், அவ்வளவுதான். வலிப்பு நோய் உறுதியானவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் இ.இ.ஜி. நார்மலாகத்தான் வருமாம். ராத்திரி தூங்காமல் வரச்சொல்லித் திரும்ப எடுத்தால் பிடிபடும் வாய்ப்பு கூடும். எம்.ஆர்.ஐ.யிலும் வலிப்புக்கென்று மெல்லிய துண்டுகளாக எடுக்கும் முறை தனியாக உண்டு, சாதாரண எம்.ஆர்.ஐ.யில் சின்னத் தழும்பு தப்பிவிடலாம். இதற்கெல்லாம் மேலே வீடியோ இ.இ.ஜி. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, மாத்திரையைக் குறைத்து, கேமராவும் வயருமாக வலிப்பு வரும்வரை காத்திருப்பார்கள். எனக்கு மூன்றாம் நாள் விடியற்காலை வந்தது. வலிப்புக்காக இப்படிக் காத்திருந்தது வாழ்க்கையில் அது ஒரு தடவைதான். பக்கத்துக் கட்டிலில் நெய்யாற்றின்கரைப் பெண் ஒருத்தி. அவளுக்கு வந்தபோது மூளை அலை மாறவே இல்லை. அதனால் நடிக்கிறாள் என்று அர்த்தமில்லை, அவள் அறியாமல் வருகிற வேறு வகை, இந்த மாத்திரை அதற்கு உதவாது, மனநலச் சிகிச்சையில் குணமாகும் என்று அந்த டாக்டர் அவள் அம்மாவை நிற்கவைத்துச் சொன்னார். ஆறு வருஷமாகத் தேவையில்லாத மாத்திரை விழுங்கியிருக்கிறாள்.

எனக்கு மூளையின் வலது பக்கப் பொட்டு மடலிலிருந்து, அதாவது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் பகுதியிலிருந்து, கிளம்புகிறது என்று தெரிந்தது. ஏன் என்று தெரியவில்லை. புது எம்.ஆர்.ஐ.யும் சுத்தம். இப்போது லெவடிராசிட்டம் என்ற வலிப்பு மாத்திரை போகிறது. அதில் கோபம் மூக்குக்கு மேல் வருகிறது, வீட்டில் எல்லாரும் பொறுத்துக்கொள்கிறார்கள். ஸ்கூட்டரை விட்டாயிற்று. குளத்தில் குளிக்கவும் கிணற்றில் தண்ணீர் கோரவும் விடமாட்டேன் என்கிறார்கள். கடைசியாக விழுந்து பதினான்கு மாதம் ஆகிறது.

யாரிடம் என்று கேட்டால், வலிப்பைத் தனியாகப் பார்க்கும் நியூராலஜிஸ்ட். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் பக்கத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் அதற்கென்றே மையம் உண்டு, வலிப்புக்கான அறுவை சிகிச்சையை 1995-இலேயே தொடங்கியவர்கள். பார்த்துவரும் டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போவது நல்லது. ஈ.சி.ஜி.யும் ஒன்று எடுத்துவிடுங்கள். இதயத் துடிப்பு தவறி விழுவதும் பார்க்க வலிப்பு மாதிரியே இருக்கும்.

அடுத்த முறை வந்தால் கையில் சாவி, வாயில் கரண்டி எதுவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து மணி பாருங்கள், ஐந்து நிமிஷம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். இன்னொருவர் போனில் வீடியோ எடுக்கட்டும், முகமும் இரண்டு கையும் தெரிகிற மாதிரி.

தம்பிக்கு வரும்போதெல்லாம் பக்கத்தில் இருந்தது யார் என்று நீங்கள் எழுதவில்லை. அம்மாவா, அறைத் தோழனா? யாராக இருந்தாலும் அவரையும் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போங்கள்.